நாலு சிலிண்டர் வண்டிக்கு ரெட்டை சைலன்சர்

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "என்னிடம் 2008 மாடல் கேம்ரி இருக்கிறது. 2.4 லிட்டர் பெட்ரோல், முழு வண்டியாக இறக்குமதியானது, செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பின்னால் இரண்டு பக்கமும் பைப் தெரிகிற மாதிரி டூயல் எக்ஸாஸ்ட் போட ஆசை. பவரும் மைலேஜும் கூடும் என்கிறார்கள். நிஜமா? இதற்காக பெங்களூரு போக வேண்டுமா, வேலூரிலேயே முடியுமா? என்னென்ன கவனிக்க வேண்டும்?"

தம்பி, பவர் கூடாது. மைலேஜும் கூடாது, வேலையைத் தப்பாகச் செய்தால் குறையும். பின்பக்கம் பார்க்க லட்சணமாக இருக்கும், சத்தம் கொஞ்சம் கனமாகும். அந்த இரண்டுக்காகப் போடுகிறேன் என்று ஒத்துக்கொண்டு செய்தால் நல்ல வேலையாக வரும். பவருக்காக என்று இறங்கினால்தான் பைப்பைப் பெரிதாக்கு, கேட்டை (புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை)க் கழற்று என்று ஒவ்வொன்றாகக் கெட்டுப்போகும்.

அனுபவித்துத்தான் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் என்னிடம் ஒரு எஸ்டீம் இருந்தது, 1.3 லிட்டர். அப்போது எனக்குப் பட்டறை வைத்த புதுசு, கையில் வெல்டிங் ராடு இருந்தால் எதையும் செய்யலாம் என்ற வயசு. சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து அனுப்பும் மேனிஃபோல்டிலிருந்து இறங்கும் பைப்பை அங்கேயே இரண்டாகப் பிரித்து, 2 இன்ச் பைப் இரண்டைக் கடைசிவரை இழுத்து, சத்தத்தை அடக்கும் நடு டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு, பின்னால் பக்கத்துக்கு ஒரு டப்பா வைத்தேன். வேலூர் கிரீன் சர்க்கிளில் நின்றால் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வாரமே குடும்பத்தோடு ஏலகிரி ஏறினோம். 14 கொண்டை ஊசி வளைவு. முன்பு இரண்டாவது கியரில் முனகாமல் ஏறிய வண்டி, ஒவ்வொரு வளைவிலும் முதல் கியர் கேட்டது. கம்பர் வளைவோ பாரதியார் வளைவோ, எது வந்தாலும் கிளட்ச் நாற்றம்தான். இறங்கும்போது வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

என்ன நடந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பின்னாளில்தான் புரிந்தது.

ரெட்டை சைலன்சர் என்பது வி8 இன்ஜினுக்காகப் பிறந்த சங்கதி. அந்த இன்ஜினில் சிலிண்டர்கள் நாலு நாலாக இரண்டு வரிசையில் நிற்கும். வரிசைக்கு ஒரு மேனிஃபோல்டு என்று புகை முதலிலேயே இரண்டு பக்கமாகத்தான் வெளியே வருகிறது. அதை ஒரே பைப்பில் திணித்தால் நெருக்கடி. இரண்டு பைப் விட்டால் இன்ஜின் நிஜமாகவே மூச்சு விடும். நம் நாலு சிலிண்டர் வண்டியில் நாலும் ஒரே வரிசை, ஒரே மேனிஃபோல்டு. 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கும். கிராங்க் அரைச் சுற்று சுற்றினால் ஒரு சிலிண்டர் புகையைத் தள்ளும். 3000 ஆர்பிஎம்மில் ஒரு செகண்டுக்கு 100 தள்ளல். தொடர்ச்சியான காற்றோட்டம் என்று நினைத்துக்கொண்டால் தப்பு. அது அடி அடியாக விழும் உதை.

ஒவ்வொரு உதையும் பைப்புக்குள் வேகமாகப் போகும்போது பின்னால் ஒரு வெற்றிடம் மாதிரி விட்டுப் போகும். எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கு முன்பே இன்டேக் வால்வு திறக்கும் ஒரு கொஞ்ச நேரம் உண்டு. அந்த நேரத்தில் இந்த வெற்றிடம் வந்து சேர்ந்தால் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சி எடுத்து, புதுக் காற்றையும் உள்ளே இழுத்துவிடும். மேனிஃபோல்டின் கிளைகள் எவ்வளவு நீளம், எங்கே சேருகின்றன என்பதையெல்லாம் கம்பெனிக்காரன் இதற்காகத்தான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். பைப் ரொம்பப் பெரிதானால் புகையின் வேகம் குறையும். வாய்க்காலை இரண்டு மடங்கு அகலமாக வெட்டிவிட்டு, மடையில் அதே தண்ணீரைத் திறந்துவிட்டால் கடைமடைக்கு எப்படிப் போகும்? நகர்ந்து நகர்ந்துதான் போகும். அதே கதை. குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை போய்விடும். ஏலகிரியில் எனக்கு நடந்தது இதுதான்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். "இன்ஜினுக்கு பேக் பிரஷர் வேண்டும், அதனால் பெரிய பைப் போடாதே" என்பார்கள். முடிவு சரி, காரணம் தப்பு. எந்த இன்ஜினும் எதிர் அழுத்தத்தை விரும்பாது. அதற்கு வேண்டியது புகையின் வேகம். சின்ன பைப்பில் வேகம் இருக்கிறது, கூடவே அழுத்தமும் வருகிறது. ஆட்கள் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு அதுதான் மருந்து என்று நினைத்துக்கொண்டார்கள்.

நல்ல சேதி என்னவென்றால், இந்த விளையாட்டெல்லாம் மேனிஃபோல்டுக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் நடுவில்தான். பின் ஆக்ஸில் தாண்டிப் போவதற்குள் புகை ஆறி, சுருங்கி, உதையெல்லாம் மழுங்கியிருக்கும். அதற்குப் பிறகு ஒரு பைப்பா, இரண்டு பைப்பா என்று இன்ஜின் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஆகவே உங்கள் வண்டிக்கு நான் சொல்வது: மேனிஃபோல்டு, கேட், ஃபிளெக்ஸ் பைப் (அதிர்வுக்கு வளைந்துகொடுக்கும் துண்டு), நடு டப்பா எதையும் தொட வேண்டாம். பின் ஆக்ஸில் பக்கம் ஒரு ஒய் பைப் வைத்து அங்கே இரண்டாகப் பிரித்து, வலது இடது இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன டப்பா வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட மலிவான வழி, இருக்கிற ஒரே டப்பாவில் இரட்டை வாய் வைப்பது. இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்று நீங்கள் கேட்டதால் அதை விட்டுவிட்டேன்.

எந்த அளவு பைப்? வேலையின் பாதி விஷயம் இதில்தான் இருக்கிறது. பட்டறையில் போய் "2 இன்ச் போடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். முதலில் வண்டியில் இருக்கும் நடுப் பைப்பை வெர்னியரில் அளக்கச் சொல்லுங்கள். வெளி விட்டம் 51 மி.மீ. என்றும் தகடு ஒன்றரை மி.மீ. என்றும் வைத்துக்கொண்டால் உள்ளே புகை போகும் பரப்பு சுமார் 18 சதுர செ.மீ. இதைப் பிரித்து இரண்டு 38 மி.மீ. பைப் விட்டால் இரண்டும் சேர்ந்து 19. அச்சாகப் பொருந்துகிறது. நடுப் பைப் 57 மி.மீ. என்றால் பரப்பு 23. அதற்கு இரண்டு 44.5 மி.மீ. பைப் போட்டால் 27, கொஞ்சம் தாராளம், பரவாயில்லை. ஆனால் "பெரிசா இருந்தா கெத்து" என்று இரண்டு 51 மி.மீ. பைப் போட்டால் 36 வந்துவிடும். பார்க்க ஒல்லியாக இருக்கிறதே என்ற கவலை வேண்டாம். வெளியே தெரியும் முனையை மட்டும் 3 இன்ச்சில் வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது.

பெரிதாகப் போட்டால் இழுவை மட்டும்தான் பிரச்சினை என்றில்லை, தண்ணீரும் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும், ஆவியாக. பைப் சூடாக இருக்கும்வரை அது வெளியே போய்விடும். குளிர்ந்த பைப்பில் பட்டால் உள்ளேயே தங்கும். ரெட்டை சைலன்சரில் இரும்பும் பரப்பும் கூடிப்போவதால் சூடேற நேரமாகும். வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து பள்ளிக்கூடம் என்று இரண்டு இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் டப்பா ஒருநாளும் காயாது. உள்ளிருந்து துரு தின்று, ஒருநாள் ஸ்பீட் பிரேக்கரில் பொத்தென்று விழும்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒய் பைப் சமமாக இல்லாவிட்டால் புகை நேரான கிளையிலேயே போகும். வளைந்த கிளைக்குப் பேருக்குத்தான் கொஞ்சம் கிடைக்கும். அந்தப் பக்கத்து டப்பா எப்போதும் குளிர்ந்தே கிடக்கும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். என் எஸ்டீமில் வலது பைப் நேர், இடது பைப் தொண்ணூறு டிகிரி திரும்பிப் போகும். இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை, இடது டப்பா சல்லடை. வலது டப்பா புதுசு மாதிரி இருந்தது. அதனால் ஒய் பைப்பின் இரண்டு கால்களும் ஒரே கோணத்தில் விரிய வேண்டும். ஒரு பக்கம் நீளமாகப் போக வேண்டியிருந்தால் மறுபக்கத்திலும் அதற்கேற்ற வளைவு கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் காலையில் வண்டியைக் குளிரில் ஸ்டார்ட் செய்து, இரண்டு முனைக்கும் நேரே ஒரு சாண் தள்ளிக் கையை வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி உதைக்க வேண்டும். ஒரு கையில் காற்று, இன்னொரு கையில் சும்மா ஈரம் என்றால் ஒய் பைப்பைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். டப்பாவின் அடியில் தாழ்ந்த இடத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று போடச் சொல்லவும் மறக்க வேண்டாம். தண்ணீர் சொட்டிப் போகும், சத்தத்தில் வித்தியாசம் தெரியாது.

இரும்பு வகைக்கு வருகிறேன். சாதா எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பைப் மலிவு, நாலைந்து வருஷத்தில் துரு. கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் போடுவது 409 ரக ஸ்டெயின்லெஸ். மேலே பழுப்பேறும், ஆனால் உழைக்கும். 304 பளபளவென்று இருக்கும், விலை அதிகம். வேலூர் வெயிலைப் பற்றிக் கவலை வேண்டாம், பைப்பின் சூட்டுக்கு முன்னால் சித்திரை வெயில் ஒன்றுமே இல்லை. கவலைப்பட வேண்டியது 202. மாடிப்படிக் கைப்பிடிக்கும் வீட்டு வாசல் கேட்டுக்கும் வரும் பைப் பல இடங்களில் 202 ரகம். அதை 304 என்று தள்ளிவிடுவார்கள். "காந்தம் ஒட்டலை பாருங்க, ஒரிஜினல் 304" என்று காட்டுவார்கள். 202-லும் காந்தம் ஒட்டாது. 409-ல் ஒட்டும், அதனால் அது மட்டம் என்றும் ஆகாது. ஆக, காந்தத்தை வைத்து ஒன்றும் நிச்சயமாகாது. பைப்பின் மேல் அச்சிட்டிருக்கும் ரகத்தையும் பில்லையும் பார்த்து வாங்குவதே வழி. தண்ணீர்க் குழாய்க்கு வரும் ஜி.ஐ. பைப்பை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வெல்டிங் செய்யும்போது அதன் துத்தநாகம் எரிந்து வரும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தவருக்கு ராத்திரி காய்ச்சல் வரும். நான் படுத்திருக்கிறேன்.

வளைக்கும் விதம் அடுத்தது. ஹைட்ராலிக் பிரஸ்ஸில் சும்மா வைத்து அழுத்தினால் வளைவில் பைப் நசுங்கும். மேலே நான் போட்ட கணக்கெல்லாம் அந்த ஒரு இடத்தில் வீண். உள்ளே கம்பி விட்டு வளைக்கும் மாண்ட்ரல் மிஷின் பெரிய ஊர்களில் இருக்கிறது. தயாராக வளைத்து வரும் 45, 90 டிகிரி துண்டுகளை வாங்கி வெட்டி ஒட்டலாம், இதுதான் நம் பக்கம் சுலபம். பழைய ஆட்கள் பைப்புக்குள் காய்ந்த மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு முனையும் கட்டையால் அடைத்து, காஸ் விளக்கில் சிவக்கக் காய்ச்சி வளைப்பார்கள். அழகாக வரும். ஆனால் மணலில் ஈரம் இருந்தால் ஆவி திரண்டு அடைத்த கட்டை துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். அந்த வேலை தெரிந்தவர் யாராவது உங்களுக்குக் கிடைத்தால் கும்பிட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.

பெங்களூரு போக வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ராணிப்பேட்டை இருக்கும்போது வெல்டிங்குக்காக ஏன் ஊர் தாண்ட வேண்டும்? பெல் (பி.எச்.இ.எல்.) ஆலை வந்த பிறகு அதைச் சுற்றி பாய்லர் சம்பந்தமான வேலை எடுத்துச் செய்யும் சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. அந்தத் தரத்துக்குக் கை பழகிய ஆர்கான் வெல்டர்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். கார் மெக்கானிக்குக் கார் தெரியும், வெல்டிங் சுமார். பாய்லர் வெல்டருக்குக் கார் தெரியாது, ஜாயின்ட் தெரியும். நான் செய்வது இதுதான்: வண்டியை நம் பட்டறையில் லிஃப்டில் ஏற்றி, பைப்பையெல்லாம் வெட்டி, வண்டியிலேயே வைத்து, நகராமல் பிடிக்க இரண்டு இரண்டு வெல்டிங் பொட்டு வைத்துவிடுவேன். பிறகு மொத்தமாகக் கழற்றி ராணிப்பேட்டைக்கு எடுத்துப் போய் முழு வெல்டிங். ஸ்டெயின்லெஸ் பைப்பில் வெல்டிங் செய்யும்போது உள்பக்கமும் ஆர்கான் வாயு ஓட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே கருகி, சர்க்கரை பூத்த மாதிரி கரடு தட்டும். விரிசல் அங்கேதான் தொடங்கும். பாய்லர் பைப் வெல்டரிடம் இதைச் சொல்லவே வேண்டியதில்லை, அவரே பைப் முனையை டேப்பால் அடைத்துக்கொண்டிருப்பார்.

வண்டியிலேயே பொட்டு வைக்கும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும். எர்த் கிளிப்பை வெல்டிங் செய்யும் பைப்பிலேயே, பக்கத்தில் மாட்ட வேண்டும். சேஸிஸில் எங்கோ மாட்டினால் கரன்ட் சுற்றிப் போகிற வழியில் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இருக்கலாம். இறக்குமதி வண்டிக்கு இசியு தேடுவது என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் டேங்கும் அங்கேதான் இருக்கிறது. ஈரச் சாக்கும் தீயணைப்பு சிலிண்டரும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

இறக்குமதி வண்டி என்பதால் இன்னொரு விஷயம். எங்கள் பக்கம் இம்போர்ட் கார் என்றால் ஒரு காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடி தோல்காரர்கள் வீட்டு வாசலில்தான் பார்ப்போம். ஒரு பேக்கிங் (கேஸ்கட்) கிடைக்காமல் மாசக்கணக்கில் துணி போர்த்தி நிற்கும். இப்போது நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றாலும் உங்கள் வண்டியின் ஒரிஜினல் பின் டப்பாவை வெட்டினால் திரும்ப அதே பொருள் சுலபமாகக் கிடைக்காது. ஆகவே வெட்டாதீர்கள். நடுப் பைப்பும் பின் டப்பாவும் சேருமிடத்தில் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தகடு) இருக்கும். துருவேறிய போல்ட்டில் முந்தின நாளே துரு எண்ணெய் ஊற்றி ஊற வைத்துக் கழற்றுங்கள். புது ஒய் பைப்புக்கு அதே அளவில் ஃபிளாஞ்ச் செய்து மாட்டுங்கள். எப்போது வேண்டுமானாலும் பழையது பழைய இடத்துக்குப் போய்விடும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை நிறைய. 304 பைப் சூட்டில் நன்றாக நீளும். 2 மீட்டர் பைப் 300 டிகிரி ஏறினால் 10 மி.மீ. நீளும். அதனால் ரப்பரில்தான் தொங்க வேண்டும். கிளாம்ப் வைத்து பாடியோடு இறுக்கிவிட்டால், ஒன்று வெல்டிங் விரியும் அல்லது பாடி அதிரும். முனைக்கும் பம்பருக்கும் சுற்றிலும் ஒரு இன்ச்சுக்குக் குறையாத இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பம்பர் அப்பளம் மாதிரி சுருளும். இடது பக்கம் போகும் பைப் ஸ்டெப்னி குழியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அங்கே கீழே ரொம்ப இறங்கினால் நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர் கணக்குத் தீர்த்துவிடும். பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, டிக்கியில் ஒரு மூட்டை அரிசியும் வைத்து, அப்போது ஆக்ஸில் எங்கே வருகிறது, பைப் எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் கடைசிப் பொட்டு வைக்க வேண்டும். லிஃப்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் அளவு பொய்.

இரண்டு முனையும் பம்பர் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே வந்திருக்க வேண்டும். உள்ளேயே நின்றால் புகை பம்பருக்குள் சுழன்று, டிக்கி ரப்பர் கிழிந்திருந்தால் வண்டிக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, பின்சீட்டில் தூங்கும் குழந்தைக்கு அது தெரியவும் போவதில்லை. வேலை முடிந்ததும் ஆளுக்கொரு முனையை ஈரத்துணியால் அடைத்துப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் எல்லா ஜாயின்ட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். பத்து செகண்டு போதும், அதற்குமேல் அடைத்துப் பிடிக்க வேண்டாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, உடனே இதைச் செய்யுங்கள்.

சத்தத்தைப் பற்றி. நாலு சிலிண்டரில் ரெட்டை சைலன்சர் போட்டவர்கள் முதல் மாதம் சந்தோஷமாக இருப்பார்கள். பிறகு ஒருநாள் சென்னை போய்வருவார்கள், அவ்வளவுதான். பெங்களூரு ரோட்டில் 100-ல் நிறுத்தி ஓட்டும்போது இன்ஜின் 2400 ஆர்பிஎம் பக்கம் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செகண்டுக்கு 80 உதை. அந்த 80 ஹெர்ட்ஸ் முழக்கம் டிக்கித் தகட்டைப் பறையாக்கிவிடும். பள்ளிகொண்டா டோல் தாண்டுவதற்குள் தலைவலி. வண்டியை நிறுத்தி ஆக்ஸிலேட்டர் முறுக்கிப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. இதற்கு வெளிநாட்டில் ஒரு வைத்தியம் செய்கிறார்கள்: பைப்பின் பக்கத்தில் முனை அடைத்த குருட்டுப் பைப் ஒன்றை ஒட்டுவது. அதற்குள் போய்த் திரும்பும் ஒலி, வருகிற ஒலியை அடித்துவிடும். ஒலியின் வேகத்தை அதிர்வெண்ணாலும் நாலாலும் வகுத்தால் அதன் நீளம். சூடான புகையில் ஒலி செகண்டுக்கு 440 மீட்டர் பக்கம் போகும். 80 ஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1.4 மீட்டர், அதாவது நாலரை அடி. அதை எங்கே ஒளித்து வைப்பது? அதனால்தான் நடு டப்பாவைத் தொடாதீர்கள் என்றேன். கம்பெனிக்காரன் அந்த முழக்கத்தை அங்கேதான் அடக்கி வைத்திருக்கிறான்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொல்லும் யாரையும் நம்பாதீர்கள். அதற்குள் தேன்கூடு மாதிரி இருக்கும் கல்லில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு இருக்கிறது. "சும்மா அடைசல் சார், எடுத்துடலாம்" என்று சொல்கிறவருக்கு அதன் விலை தெரியும். கேட்டுக்கு முன்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் பக்கம் ஒரு சின்ன லீக் வந்தால்கூட தொந்தரவு. இரண்டு உதைக்கு நடுவில் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். சென்சார் அதைப் பார்த்து "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்லும், இசியு கூடுதலாக ஊற்றும். மைலேஜ் கூடும் என்று ஆரம்பித்த வேலை இப்படி முடியும்.

டர்போ வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. டர்போவைத் தாண்டிய பிறகு பைப் எவ்வளவு தாராளமோ அவ்வளவு நல்லது. உங்கள் கேம்ரி டர்போ இல்லை, அதனால் அதை நீட்டவில்லை.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம், இதை நிறையப் பேர் விழுங்கிவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, இரண்டும்கூட. சத்தம், புகை வரம்பு மீறினால் தனியாக 10,000 வரை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் இன்னும் இரண்டு சங்கதி உண்டு: புகை கீழ்நோக்கியோ வண்டியின் இடது பக்கமாகவோ போகக் கூடாது, பைப், பெட்ரோல் லைனிலிருந்து 35 மி.மீ.க்குள் வரக் கூடாது. ஆகவே உங்கள் இடது முனை ஸ்டைலுக்காக வெளிப்பக்கம் திரும்பி நிற்கக் கூடாது, நேர் பின்னால் பார்க்க வேண்டும்.

முன்பகுதியையும் கேட்டையும் தொடாமல், சத்தத்தைக் கம்பெனி அளவிலேயே வைத்து, பின்னால் மட்டும் செய்த வேலையைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் சட்டப்படி பார்த்தால் அதுவும் மாற்றம்தான். ஒரு அதிகாரி கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். புகைச் சான்றிதழ் பரிசோதனையை வேலைக்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் எடுத்து, இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிஎஸ்3 (பாரத் ஸ்டேஜ் 3 என்ற புகை அளவுகோல்) பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். முன்பு இருந்ததைவிட இரண்டாவது சீட்டில் ஏறியிருந்தால் எங்கோ லீக் இருக்கிறது, அல்லது சென்சார் வயர் அடிபட்டிருக்கிறது.

செலவை ரூபாயில் சொல்ல மாட்டேன். ஸ்டெயின்லெஸ் விலை அடிக்கடி மாறுகிறது, நான் ஒன்று சொல்லி நீங்கள் அதைப் பட்டறையில் காட்டிச் சண்டை போடுவீர்கள். கணக்குப் போட வழி மட்டும் சொல்கிறேன். 44.5 மி.மீ. பைப் ஒன்றரை மி.மீ. தகட்டில் மீட்டருக்கு ஒரு கிலோ 600 கிராம் வரும். பின்பகுதி வேலைக்கு இரண்டரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டர். அதோடு டப்பா இரண்டு, வளைவுத் துண்டு நாலைந்து, ஃபிளாஞ்ச், ரப்பர், ஆர்கான் கூலி. பில்லில் பைப் எடை பத்து கிலோ என்று எழுதியிருந்தால் எந்த வண்டிக்குப் போட்டது என்று கேளுங்கள். நேரம் என்றால் இரண்டு நாள். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவர் அளவு எடுக்கப் போவதில்லை.

வண்டியை எடுத்த பிறகு முதல் 500 கிலோமீட்டரில் ஒரு தடவை திரும்பக் கொண்டுவந்து ஃபிளாஞ்ச் போல்ட்டெல்லாம் இறுக்க வேண்டும். புது பேக்கிங் சூட்டில் அமுங்கும், போல்ட் தளரும். சூடு ஆறிய பிறகுதான் இறுக்க வேண்டும். அந்த 500 கிலோமீட்டரில் ஒருநாள் ஏலகிரி ஏறிவிட்டு வாருங்கள். வண்டி பழைய மாதிரியே ஏறினால் வேலை சரி. கழற்றிய ஒரிஜினல் டப்பாவைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள், எடைக்குப் போட்டுவிடுவார்கள். உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்து, வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, முனைகளைப் பிளாஸ்டிக் கவரால் கட்டிப் பரணில் போடுங்கள். முனையைக் கட்டாமல் விட்டால் எலி குடியேறும். எனக்கு ஒரு தடவை அது டப்பாவை மாட்டி ஸ்டார்ட் செய்த பிறகுதான் தெரிந்தது.